செண்பகனூரில் சொல்லாமல் வந்த சாட்சி

சனிக்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்கு வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் நின்றவர்கள் அப்பாவும் நானும். வராதவர்கள் அம்மாவும் அக்காவும். அம்மா நான்கு தெரு தள்ளி வீட்டில் இருந்தாள், கூப்பிட்டும் வரவில்லை. அக்கா மலைமேல் வடகவுஞ்சியில் இருக்கிறாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அப்பா அன்று செண்பகனூரில் ஒரு மண்டபத்தில், முந்நூறு பேர் முன்னால், தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசப்போகிறார். அந்த வாழ்க்கையில் அடிபட்ட இரண்டு பெண்களும் அங்கே இருக்கப்போவதில்லை. நான் கூடப் போனது அவரைப் பேசவிடாமல் தடுப்பதற்காக.

அம்மாவை முந்தின நாள் அழைத்துப் பார்த்தேன். பூ கட்டிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. "அந்த மனுசன் திருந்துனது எனக்குத் தெரியும். நான்தானே கூடக் கெடக்கேன். ஊருக்குத் தெரிஞ்சு ஆகப்போற சோலி என்ன?" என்றாள். 

கொடைக்கானல் பேருந்து ஆறு பத்துக்குக் கிளம்பியது. கட்டணம் தலைக்கு ஐம்பத்தைந்து ரூபாய். தூரம் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. சனிக்கிழமை என்பதால் பாதிப் பேருந்து சுற்றுலாக்காரர்கள். வண்டி இன்னும் மலை ஏறவே தொடங்கவில்லை, அதற்குள் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா எனக்கு ஜன்னலோரம் விட்டுவிட்டு, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டார். பைக்குள் தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டை. மேடைக்கு மட்டும் போடுவது.

சாட்சி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஜெபக்கூட்டங்களில் ஒருவர் மேடையேறி, முன்பு நான் எப்படி இருந்தேன், ஆண்டவர் என்னை எப்படித் தொட்டார், இப்போது எப்படி இருக்கிறேன் என்று சொல்வார். மூன்று பகுதி. அப்பாவின் சாட்சியில் முதல் பகுதிதான் நீளம், கேட்கிறவர்களுக்கும் அதுதான் பிடிக்கும்.

அந்த முதல் பகுதி இது. மேல்மலையில் எங்களுக்குக் கொஞ்சம் பூண்டு நிலம் இருந்தது. அறுத்த பூண்டில் நல்லதாகப் பார்த்து எடுத்துக் கட்டுக் கட்டாக அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவோம். புகை பட்டுப் பட்டு இறுகிக் கிடக்கும். அடுத்த நடவுக்கு அதுதான் விதை. அதைப் பசியில்கூட யாரும் தொடமாட்டார்கள். அப்பா ஒரு மாசியில் அதைக் கட்டுக் கட்டாக இறக்கிக்கொண்டுபோய் விற்றுக் குடித்தார். மறித்த அம்மாவின் கையை முறித்தார். அந்த வருடம் ஊரே நட்டது, எங்கள் நிலம் மட்டும் களை மண்டிக் கிடந்தது. மழை தொடங்கியபோது ஜீப்பில் ஓர் ஏஜென்ட் வந்தான். சமவெளியில் ஒரு நூற்பாலைக்குப் பெண் பிள்ளைகள் வேண்டும், மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை, முன்பணம் அப்பன் கையில். அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் முதல் மூன்று பேருக்குள் வருகிறவள். பையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

அவள் மாதாமாதம் அனுப்பிய காசில்தான் நான் படித்தேன். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று தாசில்தார் அலுவலகத்தில் எனக்கு ஒரு சான்று கொடுத்தார்கள். அதில் அப்பா பெயர் இருக்கிறது. அக்கா பெயருக்கு அதில் இடமே கிடையாது.

இதையெல்லாம் அப்பா மேடையில் அப்படியே சொல்வார். கூட்டவோ குறைக்கவோ மாட்டார். "என் மகளை நான் மில்லுக்கு வித்துட்டேன்" என்று மைக்கில் சொல்லும்போது மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு எழும். நான் அதை ஒருமுறை கேட்டிருக்கிறேன். நல்ல கச்சேரியில் எழுகிற பெருமூச்சு போலவே இருந்தது.

போன வருடம் இதே கூட்டத்தார் அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார்கள். போட்ட கொஞ்ச நாளில் அது வடகவுஞ்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அக்காவின் மாமியார் வீட்டில் அவள் மில்லில் வேலை பார்த்தது தெரியும். கல்யாணத்துக்குக் காசு சேர்க்கப் போனாள் என்று நினைத்திருந்தார்கள். முன்பணக் கதை தெரியாது. இந்தத் தையில் அக்கா மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். அப்பாவுக்கு அழைப்பில்லை. தாய்மாமன் நான் சீர்த்தட்டோடு நின்றேன். பந்தலில் அக்கா வீட்டுக்காரரின் பங்காளி ஒருவர், "தாத்தா வர்றாராப்பா? வந்தா பிள்ளைக்கு வெல பேசிருவாரு, பாத்துக்கங்க" என்றார். பந்தலே சிரித்தது. புதுப் பாவாடையில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளையும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தாள்.

அக்கா அன்று என்னைச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னாள்: "இன்னொரு மட்டம் அவங்க அதை மேடையில பேசுனா எனக்குப் பிறந்த வீடு கிடையாது. அம்மாவும் கிடையாது, நீயும் கிடையாது. தாய்மாமன்னு இந்தப் படி ஏறாத." அவள் சொன்னால் சொன்னதுதான். ஆகவே அன்று செண்பகனூரில் அப்பா வாயைத் திறந்தால் எனக்கு அக்கா இல்லை. இதை அப்பாவிடம் ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லியிருந்தேன். "மறைக்கச் சொல்றியாலே?" என்று மட்டும் கேட்டார்.

காலை ஏழு ஐந்து. காட்ரோடு தாண்டி வளைவுகள் தொடங்கின. நடத்துநர் சீட்டுக் கிழித்து முடித்தவர் திரும்பி வந்து அப்பா முகத்தையே பார்த்தார். பிறகு, "அய்யா, ஒங்கள போன்ல பாத்திருக்கேன். அந்தப் பூண்டு வெதையை வித்துக் குடிச்சவரு நீங்கதானே?" என்று கேட்டார்.

அப்பா எழுந்து நிற்கப் போனார். நடத்துநர் உட்காருங்க என்று தோளைத் தொட்டுவிட்டு, அந்தப் படத்தைத் தன் மச்சினனுக்கு அனுப்பியதாகவும், மச்சினன் மூன்று நாள் சோறு தின்னாமல் இருந்துவிட்டு இப்போது குடியைக் குறைத்திருக்கிறான் என்றும் சொன்னார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். முன் இருக்கையில் இருந்த கம்பளித் தொப்பிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முன்பின் தெரியாத ஒரு மச்சினன் குறைப்பதற்கு என் அக்காவைத்தான் எரிக்க வேண்டுமா?

டம்டம் பாறையில் பத்து நிமிடம் நின்றது. தேநீர் பதினைந்து ரூபாய். கீழே மஞ்சளாறு அணை தட்டையாகத் தெரிந்தது; எதிரே எலிவால் அருவி நூல்போலத் தொங்கியது. எல்லோரும் கம்பிவேலியில் சாய்ந்து அதைப் படமெடுத்தார்கள். நான் அப்பாவை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சண்டை போட்டேன். நீங்கள் குடித்ததைச் சொல்லுங்கள், அது உங்களுடையது, அக்கா ஜீப்பில் ஏறியது உங்களுடையதா, அதை எடுத்துப் பேச யார் உங்களுக்கு அதிகாரம் கொடுத்தது என்று கேட்டேன். இதைச் சொல்லாவிட்டால் தான் பாதிப் பொய்யன் ஆகிவிடுவேன், செய்ததை மூடிவைத்துக்கொண்டு ஆண்டவர் முன்னால் நிற்க முடியாது என்றார். ஆண்டவருக்கு மைக் எதற்கு என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அப்பா பக்கத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து, இடது கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

அந்தக் கையைப் பற்றி எழுதித்தான் ஆக வேண்டும். அப்பா இடது கைக்காரர். அம்மாவை அடித்ததெல்லாம் அந்தக் கையால். வத்தலக்குண்டுக்கு இறங்கி வந்து காய்கறி மண்டியில் மூட்டை தூக்கிய காலத்தில், கூட வேலை பார்த்த ஒருவர் அவரை ஒரு ஜெபவீட்டுக்குக் கூட்டிப்போனார். அப்போது எனக்குப் பதினைந்து வயது. இரண்டு வாரத்தில் பழையபடி வந்து விழுவார் என்று நான் காத்திருந்தேன். மாதங்கள் போயின. வருடங்கள் போயின. கோபம் வந்தால் அந்தக் கையின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார், இறங்கும்வரை எழமாட்டார். கூலியைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுக்கிறார். அம்மா இன்றைக்கும் முருகனுக்குத்தான் விளக்கேற்றுகிறாள். ஜெபவீட்டில் சிலர் முகம் சுளித்தபோதும் அந்த விளக்குக்கு எண்ணெய் வாங்கி வருகிறவர் அப்பா. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது அவள் துணியை இவர்தான் அலசிப்போட்டார், தெருவே பார்க்க.

அவர் நடித்தால் எனக்குச் சுலபம். தள்ளிவிட்டுப் போய்விடலாம். அவர் நடிக்கவில்லை. இந்த மனுசன் இப்படி இருக்க முடியும் என்றால் அப்போது ஏன் இல்லை? ஆறு வருடம் முன்னதாக அந்த ஜெபவீட்டுக்காரர் இவரைப் பார்த்திருந்தால் அக்கா பரீட்சை எழுதியிருப்பாள். நல்ல அப்பா எனக்குக் கிடைத்தார். மற்ற அப்பா அவளுக்கு. இந்தக் கணக்கை எந்தப் போதகரும் எனக்குத் தீர்த்துச் சொன்னதில்லை.

பண்ணைக்காடு பிரிவு, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி. சோதனைச் சாவடியில் கார்களை நிறுத்தி இ-பாஸ் பார்த்தார்கள். எங்கள் பேருந்தில் ஏறிய பெண் ஊழியர் ஒருவர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார். எட்டே முக்காலுக்குச் செண்பகனூரில் இறங்கினோம். மஞ்சு சாலையை மூடியிருந்தது. சாலையோரக் கடைப் பெஞ்சில் வைத்து அப்பா வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டார். பழைய சட்டையை நான்தான் மடித்துப் பைக்குள் வைத்தேன். அந்த நேரத்திலும் அதைச் செய்தேன் என்பது எனக்கே எரிச்சல்.

மண்டபம் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுவது. உள்ளே நுழைய ஆளுக்கு இருநூறு ரூபாய், மதியச் சாப்பாடு சேர்த்து. சாட்சி சொல்பவருக்கு இலவசம்; அவர் மகனுக்கு இருநூறு. கொடுத்தேன். வாசலில் பெரிய பேனர். அதில் அப்பாவின் படம், கீழே 'சகோ. பவுல்' என்று பெயர். என் அப்பா பெயர் பழனிச்சாமி. 'பவுல்' என்று யாராவது கூப்பிட்டால் ஒரு விநாடி கழித்துத்தான் திரும்புவார்.

ஒன்பதரை. கூட்டத்தை நடத்துகிற ஒருங்கிணைப்பாளர் எங்களை மேடைக்குப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். நாற்பது வயதிருக்கும், மெலிந்த, பரபரப்பான மனிதர். எல்லோரும் அவரைப் பிரதர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு பையன் அப்பாவின் காலரில் மைக்கைச் செருகிப் பார்த்தான். பிரதர் நேரக் கணக்கு சொன்னார்: எட்டு நிமிடம், முதல் ஐந்து நிமிடம் பழைய வாழ்க்கை. பிறகு அப்பாவின் தோளைத் தொட்டு, கரிசனத்தோடுதான் சொன்னார்: "மகளைப் பத்திச் சொல்லும்போது மட்டும் அவசரப்படாதீங்க அய்யா. நிறுத்தி, நிதானமா. அந்த எடத்துலதான் ஜனங்க உடைவாங்க." என்னைப் பார்த்து, தம்பியும் கூட மேடையில் நிற்கட்டும், படித்த பிள்ளை, பார்க்கிறவர்களுக்குப் பலன் தெரியும் என்றார்.

அவ்வளவுதான். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். என் அக்கா உங்களுக்கு ஜனங்களை உடைக்கிற கல்லா என்றேன். அவள் மகளைப் பந்தலில் வைத்து என்ன கேட்டார்கள் என்று சொன்னேன். அந்த வீடியோவில் உங்களுக்கு எத்தனை பேர் கைதட்டினார்கள் என்று எண்ணி வைத்திருக்கிறீர்களே, அந்தப் பந்தலில் சிரித்தவர்களையும் சேர்த்து எண்ணினீர்களா என்று கேட்டேன். காலர் மைக் பையன் மெதுவாக வெளியே நழுவினான்.

பிரதர் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு, நானும் ஒரு காலத்தில் ரயில்வே பிளாட்பாரத்தில் வாந்தியில் கிடந்தவன், இதே மாதிரி ஒரு கூட்டத்தில் இதே மாதிரி ஒருவர் பேசியதைக் கேட்டுத்தான் எழுந்தேன், அன்றைக்கு அந்த மனிதர் வெட்கப்பட்டு மறைத்திருந்தால் இன்றைக்கு நான் செத்துப் புல் முளைத்திருக்கும் என்றார். பொய் சொல்கிற முகமாக இல்லை. அதனால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. எல்லோரும் பிழைக்கிறார்கள். பிழைத்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒருத்தியின் தலைமேல் நிற்கிறார்கள்.

அதுவரை சும்மா இருந்த அப்பா கேட்டார்: "பிரதர், அவகிட்ட நான் கேக்கவே இல்லையே."

எதை என்றார் பிரதர்.

"மன்னிப்பு."

"ஆண்டவர்தான் மன்னிச்சிட்டாரே அய்யா."

"அவரு மன்னிச்சிட்டாரு," என்றார் அப்பா. "அவ?"

  இத்தனை வருடத்தில் நூறு மேடையில் அழுதவர் மகள் முன்னால் ஒருமுறையும் நிற்கவில்லை என்பது அந்த அறையில் அப்போதுதான் அவருக்கே உறைத்தது போலிருந்தது. மேடையில் சொன்னது அவளுக்கும் சேர்த்துச் சொன்னது என்றே நினைத்திருக்கிறார். எப்படி அப்படி நினைக்க முடிந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. ஆனால் அவரைப் போல நினைக்கிறவர்கள் அந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

பதினொன்று பத்துக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். பவுல் என்று இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகே எழுந்தார். நான் மேடைக்குப் போகவில்லை. வாசல் தூணில் சாய்ந்து நின்றேன். பேசினால் அங்கிருந்தே கிளம்பி, அப்பாவை விட்டுவிட்டு, நான் வேலை பார்க்கிற திண்டுக்கல்லுக்குப் பேருந்து ஏறிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவர் மேடை நடுவில் வந்து நின்றார். கூட்டம் ஸ்தோத்திரம் சொன்னது. ஆர்மோனியப் பெட்டிக்காரர் மெதுவாக வாசிக்கத் தொடங்கினார்.

"எம் பேரு பழனிச்சாமி. பதினோரு வருசமா நான் குடிக்கலை. அது ஆண்டவர் செஞ்சது. அதுக்கு மேல சொல்லணும்னா எம் மகள்ட்ட கேக்கணும். கேட்டுட்டு வர்றேன்."

இறங்கிவிட்டார். முந்நூறு பேரும் அடுத்து ஏதோ வரும் என்று காத்திருந்தார்கள். ஆர்மோனியக்காரர் நிறுத்துவதா வாசிப்பதா என்று தெரியாமல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பா நடுப்பாதையில் நடந்து என்னைத் தாண்டி வெளியே போய்விட்டார். நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

பிரதர் வாசல் கேட் வரை வந்தார். வீடியோவை எடுத்துவிடச் சொல்கிறேன் என்றார். அப்பாவுக்காக ஜெபம் பண்ணலாமா என்று கேட்டார். அப்பா தலை குனிந்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்று சாலையைப் பார்த்தேன். இரண்டு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார். இருநூறு ரூபாய் கட்டியிருக்கிறோமே என்று வாங்கிக்கொண்டேன். (வீடியோவை எடுத்துவிட்டார்கள். ஆனால் யார் யாரோ இறக்கி வைத்திருக்கிறார்கள். அது இன்னமும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.)

செண்பகனூரிலிருந்து பெருமாள்மலைக்கு டவுன் பஸ், ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய். பழனிப் பாதை அங்கேதான் பிரிகிறது. வடகவுஞ்சி வழி போகிற வண்டி ஒன்றேகாலுக்கு என்று பழக்கடை அம்மாள் சொன்னார். கடையில் பிளம்ஸ் குவித்திருந்தது, கிலோ நூற்று அறுபது. மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு போகும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அப்பா ஒரு கிலோ நிறுக்கச் சொன்னார். பிறகு வேண்டாம் என்றார். அந்த அம்மாள் நிறுத்ததைக் கொட்ட மனமில்லாமல் ஏன் என்று கேட்டார்.

"பழத்தோட போனா வெல பேச வந்தாப்ல இருக்கும்," என்றார் அப்பா. அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அறையில் நான் சொன்ன பந்தல் பேச்சை அவர் மறக்கவில்லை.

பழனிப் பாதையில் சுற்றுலாக் கூட்டம் குறைவு. இருபுறமும் காப்பிச்செடி, மலைவாழை, பட்டர்புரூட் மரங்கள். பாறை இடுக்கில் எல்லாம் தண்ணீர் ஒழுகுகிற பருவம். கட்டணம் இருபத்தைந்து. அப்பா சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. நான் என்னுடையதைத் தின்றேன். பசியில் கோபத்தை வைத்திருக்க முடியவில்லை.

இரண்டு மணிக்கு இறங்கினோம். அக்கா வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டபோது பீன்ஸ் தோட்டத்தைக் காட்டினார்கள். சாலைக்குக் கீழே சரிவில் இருந்தது. பந்தல் குச்சிகளுக்கு நடுவே அக்கா முந்தானையை மடியாகக் கட்டிக் காய் பறித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

நான் முந்திக்கொண்டு, அப்பா பேசவில்லை அக்கா, இறங்கி வந்துவிட்டார் என்றேன். அதற்கு என்ன என்பது போலப் பார்த்தாள். அப்பா அடுத்த வரிசையில் புகுந்து பறிக்கக் கையை நீட்டினார்.

"அதைத் தொடாதீங்க. எடைக்குப் போற காய்."

கையை இழுத்துக்கொண்டார். அங்கேயே, அந்த வெள்ளைச் சட்டையோடு, ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். என்ன சொன்னார் என்பதை முழுக்க எழுத எனக்கு உரிமையில்லை. மேடையில் சொல்கிற வார்த்தை ஒன்றுகூட அதில் வரவில்லை. ஆண்டவர் பெயரும் வரவில்லை. தாயி, தாயி என்று இரண்டு மூன்று முறை சொன்னார். நான் தப்பு பண்ணிட்டேன் என்பதை முடிக்கத் தெரியாமல் மூன்று தரம் தொடங்கினார்.

அக்கா பறித்துக்கொண்டே கேட்டாள். வரிசை முடிந்ததும் மடியிலிருந்ததைக் கூடையில் கொட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க குடிச்சதைச் சொன்னீங்க. அம்மாவை அடிச்சதைச் சொன்னீங்க. என்னைய அனுப்புனதைச் சொன்னீங்க. எம் மாமியா போன்ல வச்சு நாலு தடவை பார்த்துச்சு, நானும் பக்கத்துல நின்னுதான் கேட்டேன். எல்லாத்தையும் சொல்ற மனுசன் எவ்வளவு வாங்குனீங்கன்னு மட்டும் ஏன் சொல்லலை?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடக் கோபத்தில் நானும் அதைக் கேட்டதில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார். காற்றில் கேட்கவில்லை.

"மைக்கு இல்லேன்னா சத்தம் வராதோ?" என்றாள் அக்கா.

அப்பா எழுந்து நின்றார். அவள் முகத்தைப் பார்த்து, தொகையைச் சொன்னார்.

அக்கா காலி மடியை உதறிக் கட்டிக்கொண்டாள். பிறகு வேறு யாரையோ பற்றிப் பேசுவது போலச் சொன்னாள்: "நான் பத்தாயிரமாவது இருக்கும்னு நெனச்சிருந்தேன். ராத்திரி ஷிப்ட்டுல மெஷின் முன்னாடி நிக்கிறப்ப அப்படித்தான் நெனச்சுக்குவேன். பத்தாயிரம் வீட்டுக்குப் போயிருக்கு, தம்பி படிப்பான், விதைப்பூண்டு வாங்கியிருப்பாங்கன்னு."

விதைப்பூண்டு வாங்கவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

அப்பா அழவில்லை. மேடையில் அந்த இடத்தில் அவர் எப்போதும் அழுவார். அக்கா அடுத்த வரிசைக்குப் போனாள். போனவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "பஸ்ஸு நாலரைக்குத்தான். அது வரைக்கும் நிக்கிறதுன்னா அந்த வரிசையைப் பறிங்க. முத்தலை விட்டுருங்க, வெரசா பறிங்க, மழை வருது."

எனக்கு அவள்மீதும் கோபம் வந்தது. அவ்வளவுதானா, ஒரு வரிசை பீன்ஸுக்கா என்று இருந்தது. அவள் சத்தம் போட வேண்டும், விரட்ட வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன். அவளுக்காக இத்தனை காலம் நான் சேர்த்துவைத்த கோபத்தை அவள் வாங்கிக்கொள்ளவே இல்லை. அப்பா இடது கையால் வேகமாகப் பறித்தார். நானும் ஒரு வரிசையில் நின்றேன்.  அவள் வீட்டுக்குள் கூப்பிடவில்லை. தண்ணீர் கேட்டபோது தோட்டத்துக் குழாயைக் காட்டினாள். மழை தொடங்கியபோது கூடையை நானும் அவளும் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஏறினோம். அப்பா பின்னால் வந்தார்.

நாலரைப் பேருந்தில் திரும்பினோம். வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண். அப்பா அதை மாற்றவில்லை. பெருமாள்மலையில் இறங்கி வண்டி மாறியபோது தன் பொட்டலத்தைப் பிரித்து, ஆறிப்போன சோற்றைத் தின்றார். அதற்குப் பிறகு இன்றுவரை எந்த மேடையிலும் அவர் ஏறவில்லை. ஜெபவீட்டுக்கு மட்டும் போகிறார், கடைசி வரிசையில் உட்காருகிறார் என்று அம்மா சொல்கிறாள். அக்கா அவரை அழைக்கவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவராகப் போகிறார். தோட்டத்தில் வேலை இருந்தால் செய்கிறார், இல்லாவிட்டால் அடுத்த வண்டியில் திரும்புகிறார். போகவர நூற்றைம்பது ரூபாய்க்குக் கொஞ்சம் கூட. பங்காளி வீட்டார் சாலையில் நின்று பார்க்கிறார்களாம். பார்க்கட்டும்.

என் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டதாக எழுதினால் அது இன்னொரு மேடை ஆகிவிடும்.

இதை எழுதலாமா என்று அக்காவிடம் போனில் கேட்டேன். ஊர்ப் பெயரை மாற்ற வேண்டாம், என் பெயர் மட்டும் வரக்கூடாது என்றாள். அதனால்தான் இதில் அவள் வெறும் அக்கா. வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். "எழுதுறதுன்னா தொகையையும் எழுது. அதை விட்டுட்டு யாரும் எங் கதையைச் சொல்லக் கூடாது," என்றாள்.

ஏஜென்ட் கொடுத்தது மூவாயிரத்து ஐந்நூறு. அதில் தன் கமிஷன் என்று ஐந்நூறைத் திருப்பி எடுத்துக்கொண்டான். அப்பா கைக்கு வந்தது மூவாயிரம் ரூபாய்.